என் வேலைக்கு நான் போட்ட மனு

மார்ச் 2

பனி உருகி ஆலை வாசலெல்லாம் சேறு. லித்துவேனியா லாரி தாமதம்; ஓட்டுநர் என்மேல் எரிந்து விழுந்தான். கதவுகளைச் செய்வது நானா? செய்ததை ஏற்றி அனுப்புகிறவள்தானே.

என்னோடு இதே வேலை பார்த்த ஆண்டா தலைநகர் ரீகாவுக்குப் போனதிலிருந்து எதிர் நாற்காலி காலி, இரண்டு பேர் வேலை என் தலையில். மேலாளர் உல்டிஸ் வந்து, "அவ எடத்துக்கு ஆள் எடுக்கப் போறோம். என்னென்ன வேலைன்னு நீயே எழுதிக் குடுத்துடு, உனக்குத்தான தெரியும்" என்றார். எழுதினேன். இவ்வளவையுமா செய்கிறேன் என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

மார்ச் 9

டப்ளினிலிருந்து லாஸ்மா கூப்பிட்டாள். "அம்மா, உங்க ஆலை விளம்பரம் பாத்தேன். அப்படியே உன் வேலை! சம்பளம் ஏத்துனதைப் பெத்த மககிட்டயே மறைச்சிட்டியே, கள்ளி!"

திறந்து பார்த்தேன். நான் எழுதிய வரிகள்தான், ஒரு சொல் மாறவில்லை. அடியில், சட்டப்படி போட்டே ஆக வேண்டிய சம்பளம்: 1,450 யூரோவிலிருந்து.

விளம்பரத்தில் போடுவது வரிப் பிடித்தத்துக்கு முந்தைய தொகை, நாங்கள் நினைவில் வைத்திருப்பது கைக்கு வருவதை. அந்தக் குழப்பம்தான், வேறொன்றுமில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டு தேநீர் போட்டேன். மனசு கேட்கவில்லை. என் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பிடித்தத்துக்கு முன்பே 1,120.

பதினோரு வருடம் — நான் என்ன குறை வைத்தேன்?

மார்ச் 10

இன்று லாரிக்காரர்களோடு மட்டும் பேசினேன்.

மார்ச் 12

உல்டிஸின் அறைக்குப் போனேன்.

"அது இன்னைக்கு வெளியில இருக்குற நிலவரம், வேஸ்மா. அவ்வளவு போடலைன்னா யாரும் வர மாட்டாங்க."

"நான் வந்தேனே?"

"நீதான் ஏற்கெனவே இங்க இருக்கியே."

இதற்கு மேல் ஒருவரால் எப்படிப் பச்சையாகச் சொல்ல முடியும்? எங்கள் பிரிவு குந்தார்ஸுக்குப் பதவி உயர்வு கொடுத்தபோதும் அந்தப் பதவி காலியாக இருந்ததே எனக்குத் தெரியாது, கேக் வெட்டும்போதுதான் தெரிந்தது. அதையும் கேட்டேன். "பழசை எதுக்கு இழுக்குற?" என்றார்.

பணியாளர் பிரிவு மருத்தாவிடம் போனேன். எல்லார் சம்பளமும் அவளுக்குத் தெரியும். "நான் வாயத் தொறந்தா என் வேலை போயிடும்டி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழ வேண்டியவள் நான். வியாதி, விவாகரத்து, அடுத்தவன் குடி என்று எல்லாவற்றையும் பேசுகிறோம். சம்பளம் என்றால் மட்டும் ஊரே ஊமை.

மார்ச் 15

மனுவை அனுப்பிவிட்டேன். வெளியாள் போலவே, அந்த விளம்பரத்தின் வழியாக.

லாஸ்மா முதலில் சிரித்தாள். பிறகு, "எடுக்கலைன்னா அங்க எப்படிம்மா தலை நிமிந்து நடப்ப? பேசாம இங்க வந்துடு" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். எடுக்காவிட்டால், என் நாற்காலிக்கே நான் லாயக்கில்லை என்று ஆலை முழுக்கத் தெரிந்துவிடும்.

மார்ச் 24

கேட்ட தகுதியெல்லாம் இருந்ததால் என்னை நேர்காணலுக்குக் கூப்பிடாமல் தட்ட முடியவில்லை. உல்டிஸ் கேள்விகளைத் தாளைப் பார்த்தே படித்தார். "இப்ப பாக்குற வேலைய ஏன் விடணும்னு நெனைக்கிறீங்க?" பதினோரு வருடத்தில் முதல் 'நீங்க'.

"அங்க, நாளைக்கு வரப்போறவங்களுக்கு என்னைவிடக் கூடுதலா குடுக்குறாங்க."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மருத்தாவின் கை நின்றது.

"வீம்புக்குன்னே பண்ற, வேஸ்மா."

"வீம்பில்ல. என்னைவிடப் பொருத்தமான ஆள் வந்தா அவங்களையே எடுத்துக்கங்க."

படியிறங்கும்போது அவமானமாக இருந்தது. தப்பு செய்தவள் நானா என்ன? அப்புறம் ஏன் எனக்கு அவமானம்?

ஏப்ரல் 2

என்னைத்தான் எடுத்திருக்கிறார்கள். 1,450.

"புது ஆளா மனு போட்ட. புது ஆளாத்தான் எடுப்போம்" என்றார் உல்டிஸ். பழைய வேலைக்கு ராஜினாமா, மூன்று மாதச் சோதனைக் காலம். வருடக் கணக்கில் சேர்ந்த கூடுதல் விடுப்பும் போயிற்று. கையெழுத்துப் போட்டேன். சந்தோஷப்பட வேண்டும். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஏப்ரல் 7

ஆண்டாவின் நாற்காலிக்கு மாறிவிட்டேன். என் பழைய நாற்காலி எதிரே காலியாக இருக்கிறது. அதே லாரிகள்.

ஏப்ரல் 19

என் பெயர்நாள், நாட்காட்டியில் என் பெயர் போட்டிருக்கும் நாள். ஏலக்காய் வாசத்தோடு பெரிய கிளிங்கெரிஸ் ரொட்டி சுட்டு எடுத்துப் போனேன். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, நினைத்தவர்கள் வருவார்கள். என் மனு விஷயத்துக்குப் பிறகு, இந்த வருடம் பாதிப் பேர்கூட வரவில்லை. எனக்கு வலித்தது.

உல்டிஸ் வந்தார். ரெண்டு துண்டு தின்றுவிட்டு, "உன் பழைய எடத்துக்கும் விளம்பரம் குடுக்கணும். நீ எழுதிக் குடுத்ததையே போட்டுடலாம்ல?" என்றார்.

"சம்பளம்?"

"அதேதான். உன் பழைய காசுக்கு யாரு வருவா?"

அவர் போன பிறகு மருத்தா வந்து கதவைச் சாத்தினாள். கொண்டுவந்த மஞ்சள் டூலிப் பூக்களைக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

"எல்லாருக்கும் நான்தான் சம்பளம் போடுறேன், வேஸ்மா. எனக்கு எவ்வளவுன்னு நீ ஒரு தடவகூடக் கேட்டதில்ல."

தானாகவே சொன்னாள். என் பழைய சம்பளத்தைவிடக் குறைவு.

"உன் பழைய எடத்துக்கு நான் மனு போட்டா... லாரி வேலை சொல்லிக் குடுப்பியாடி?"

என் பழைய நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டேன். முதலில் லித்துவேனியா லாரியைப் பற்றிச் சொன்னேன்.