வலக்கொண்டையார் மேல் படை செல்லாதிருக்க வேண்டி விடுத்த ஓலை

நலம் பெருகுக. மழை பிழையாத வெண்குன்ற நாட்டின் காவலரும், ஆழிமுற்றத்து அரியணைக்கு உரியவருமாகிய பெருநற்கோ அடலேறனார் திருவடிகளுக்கு, அரண்மனை ஓலைநாயகம் நறுவேலி கூத்தன் கருமணியாற்றின் அக்கரை மலையிலிருந்து வணங்கி எழுதுவது. கோட்டையும் குடியும் நலமே இருக்க. அடியேன் நலமாக இல்லை. விரைவில் எழுத்தாணி ஓலையைக் கிழித்த இடங்களைப் பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு மலைக்குடிகளைப் பற்றி எழுதுமாறு தாங்கள் பணித்தபோது, துறைமுகத்து யவனர் படித்துக் காட்டிய உரோமாபுரிச் சுவடியையே முன்மாதிரியாகக் கொண்டேன். அதில் வடகாட்டு மக்களையெல்லாம் செருமானியர் என ஒரே பெயரால் அழைத்து, ஒரு மூதாதையின் மைந்தர் மூவர் வழியே மூன்று கிளையாகப் பிரித்து, அங்குள்ள ஓர் ஆற்றுக்கு இப்பால் ஓர் இனம் அப்பால் வேறோர் இனம் என வரம்பு கட்டி, மயிரை ஒருபுறம் முடிவோர் இன்ன குலம் என்று அடையாளமும் சொல்லியிருந்தனர். அந்த ஒழுங்கில் மயங்கினேன். நம் கரைப் பந்தலில் அமர்ந்தபடியே உப்பு வணிகரைக் கேட்டு, விரிசடையார் சாதுக்கள், பின்கொண்டையார் நட்பினர், வலக்கொண்டையார் வஞ்சினம் பூண்ட கொலைஞர் என மூன்று குலம் வகுத்தேன். அதை நம்பியே பின்கொண்டையார்க்கு அபய ஓலை அருளினீர்கள். வலக்கொண்டையாரில் ஒருவரையும் விடாது அழிக்கப் படைத்தலைவர்க்கு ஆணையும் அருளினீர்கள். படை ஆற்றை அடைய மூன்று நாளே உள்ளது.

படைக்கு வழி பார்க்கப் பத்து நாள் முன்பு ஆற்றைக் கடந்தேன். துணைக்கு வந்த யவனக் காவலன் அதல்வின் அந்த வடகாட்டில் பிறந்தவனாம். சுவடியின் பெருமையை அவனிடம் எடுத்துரைத்தேன். செருமானியர் என்னும் பெயரைத் தன் ஊரில் எவரும் கேட்டதில்லை என்றும், உரோமாபுரிக்கு வந்த பின்னரே தான் செருமானியன் ஆனதாகவும், தன் தாயின் தங்கை சுவடி சொன்ன ஆற்றின் மறுகரையில்தான் வாழ்க்கைப்பட்டாள் என்றும் சொல்லிச் சிரித்தான். சுவடியை எழுதியவர் காட்டுக்குள் வந்து பார்த்தாரா என்று வினவினான். வந்ததாகத் தெரியவில்லை என்றேன். மூன்று குலம் வகுக்குமுன் தாங்கள் மலைக்குச் சென்றதுண்டா என்று அடுத்துக் கேட்டான். அன்றே அவனுடன் மலையூருக்குள் சென்றேன்.

அரசே, கண்டதைச் சொல்கிறேன். இம்மக்கள் விதைப்பின்போது கூந்தலை விரித்து விடுகிறார்கள். தினை முற்றும் மாதத்தில் வலப்பக்கம் முடிகிறார்கள். அறுவடை முடிந்ததும் பின்னே கொண்டை போடுகிறார்கள். வஞ்சினம் என்று வணிகர் சொன்னது, கதிர் அறுக்கும்வரை காவல் தவறேன் என்னும் நேர்த்திக்கடனே. வணிகர் பருவந்தோறும் வந்து கண்டதை மூன்று குலமாக்கியவன் அடியேன். இருப்பது ஒரே குடி.

இது தினைக்காவல் மாதம். கிழவர், கருவுற்ற பெண்டிர், நடை பழகும் பிள்ளைகள், எல்லார் தலையிலும் இன்று வலக்கொண்டை. பின்கொண்டையோடு இருந்தபோது பெற்ற தங்கள் அபய ஓலைக்கு நாள்தோறும் பூச்சூட்டுகிறார்கள். வரும் படை தம்மைக் காக்கவே வருகிறது என்று நம்பி வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் இடுகிறார்கள்.

படைத்தலைவர்க்கு ஆள் விடுத்தேன். அரச முத்திரையின்றித் திரும்புவதற்கில்லை என்று சொல்லியனுப்பினார். அவர் கூற்றும் முறையே. ஆதலின் இவ்வோலை கண்டவுடன், படை மீளுமாறு திருமுத்திரையிட்டு விரைகுதிரையில் விடுத்தருள வேண்டும். பொய்யோலை எழுதியவனுக்குரிய தண்டனையை ஏற்கிறேன். பதவி முத்திரைக் கணையாழியை இத்துடன் அனுப்பியுள்ளேன்.

ஓலை தங்களை அடைய இரண்டு நாள். ஆணை ஆற்றை அடைய இரண்டு நாள். படை வர மூன்றே நாள். குறையும் அந்த ஒரு நாளுக்கு அடியேன் துறையில் நிற்பேன். வீரர் அனைவரும் அறிந்த முகம் இது. இன்று காலை இவ்வூர்ப் பெண்ணொருத்தி அடியேன் நரைமயிரை வலப்பக்கம் முடிந்துவிட்டாள்.

இப்படிக்கு, ஓலைநாயகமாக இருந்த நறுவேலி கூத்தன் எழுத்து. முத்திரை இல்லை.