ஒற்றுத்தாளில் ஒரு சொட்டு

கல்கத்தா-29
3.12.1978

தம்பி பரமசிவத்துக்கு லேக் மார்க்கெட் மெஸ் மூக்கையா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. அமெரிக்காவில் நீயும் வசந்தியும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். எனக்குத்தான் எழுத்து தெரியாதே. நான் சொல்லச் சொல்ல மாடி வீட்டு சாவித்திரி எழுதுகிறாள். என் மகள் ஆண்டாளுக்கு இந்தக் கடிதம் போவது தெரியாது.

துர்கா பூஜைக்கு முன்னால் இங்கே அடித்த மழையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். அரிசி பருப்பு போனது போகட்டும். நீ அக்கா அக்கா என்று ஆண்டாளிடம் வேலை பழகினாயே, அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் கரண்ட் போய் அவளுடைய குளிர்பெட்டி நின்றுவிட்டது. மீன் சந்தையில் ஐஸ் வாங்கி, தண்ணீரில் நடந்தே சுமந்தாள். மீன்காரன், "இவ்வளவு ஐஸுக்கு மீன் எங்கே தீதி?" என்று கேலி செய்தானாம். "கண்ணுக்குத் தெரியாத மீன்" என்றாளாம். மறுநாள் வெள்ளம் அறைக்குள்ளேயே ஏறிப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டது. குப்பிகளிலெல்லாம் சாக்கடை.

அந்தக் குப்பிகளில் இருந்தது காலராக் கிருமியைத் தின்கிற கிருமி. ஆதிகங்கைக் கால்வாய்த் தண்ணீரில் பிடித்து, பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தாள். ஜப்பான்காரனும் லண்டன்காரனும் அக்கா எழுதினதைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள் என்று நீயே என் கடையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாய். கேட்டவர்களுக்கெல்லாம் மை உறிஞ்சுகிற ஒற்றுத்தாளில் அந்தக் கிருமித் தண்ணீரை ஒரு சொட்டுக் காயவைத்து உறையில் போட்டு அனுப்புவாள். கடைசியாகத் தேறின ரகத்தை மட்டும் வெளியே விடவில்லை. நீ விமானம் ஏறின அன்று உனக்குக் கொடுத்தாள். நீலக்கோடு போட்ட சட்டை. அதன் பையில் அவள் வைத்ததை நான் பார்த்தேன்.

தை மாதம் அவள் வேலையை விசாரிக்கக் கமிட்டி வருகிறது. அந்த ரகத்தை அவள் கண்ணில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அவள் எழுதினதெல்லாம் கற்பனை என்று முடிவு கட்டுவோம் என்கிறார்களாம். அங்கே போய் அந்த ரகத்தைப் பற்றி உன் பேரில் நீ போட்ட கட்டுரையை நீட்டி, "பரமசிவம் கண்டுபிடித்ததை உன்னுடையது என்கிறாயா?" என்று ஒருவர் கேட்டாராம். அவள் உனக்கு இரண்டு கடிதம் போட்டாள். பதில் இல்லை.

பேர் உனக்கே இருக்கட்டும், தம்பி. அதற்கு நான் வழக்காட வரவில்லை. கடையில் உறைமோர் கெட்டுப்போனால், நாம் கொடுத்த வீட்டிலேயே போய்க் கேட்போம். சண்டைக்கார வீட்டில்கூட இல்லை என்று சொன்னதில்லை. உன்னிடம் கேட்பதும் அவ்வளவுதான்.

நீ சாம்பாரில் கத்தரிக்காயை ஒதுக்கி இலை ஓரத்தில் வைப்பாய். "கத்தரிக்காய்க்கே பயப்படுறவன் காலராவை என்னடா பண்ணுவே?" என்று அக்கா சீண்டுவாள். "அக்கா பக்கத்துல இருந்தா காலராதான் பயப்படும்" என்பாய். கடையே சிரிக்கும். இப்போது சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போகிறாள். போன வாரம் டாக்குரியா ஸ்டேஷனில், வருகிற வண்டியையெல்லாம் விட்டுவிட்டு பிளாட்பாரத்து விளிம்பில் நின்றிருக்கிறாள். சாவித்திரியின் அப்பா தற்செயலாகப் பார்த்துக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். கேட்டால், "வண்டியில கூட்டமா இருந்துச்சுப்பா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன கூட்டம்?

நான் அவளைத் தனியாக விடுவதில்லை. ஆராய்ச்சிக் கூடத்து வாசல்வரை போய், திரும்புகிறவரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கடையை என் தங்கை மகன் பார்த்துக்கொள்கிறான்.

அது உன்னிடம் உயிரோடு இருந்தால், ஒரு சொட்டு வைத்து ஆராய்ச்சிக் கூட விலாசத்துக்கு அவள் பேருக்கே அனுப்பு. உறையை அவள் கையால் பிரிக்கட்டும். நீ ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

அங்கேயும் செத்துப்போயிருந்தால், இல்லை உனக்குக் கொடுக்க மனம் வராவிட்டால், அவளுக்கு எழுதாதே. மெஸ் விலாசத்துக்கு, என் பேருக்கு எழுது. சாவித்திரி படிக்க, நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் மகள் நூறு வயசு இருக்கட்டும், தம்பி. என் மகளுக்கும் அப்படி ஒரு வார்த்தை வேண்டிக்கொள்.

உனக்குச் சோறு போட்ட
மூக்கையா (கைநாட்டு)