முதுகில் கட்டியிருந்த நீலக்கரைத் துணி

ஆவணி 28, திங்கள்

காலையில் தூறல், பிறகு புழுக்கம். பள்ளிக்கு அரை நாள் லீவு. ஏழாம் வகுப்புக்குத் தையலில் காஜா எடுக்கும் பாடம் பாக்கி.

அவர் நேற்று சாயங்காலம் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்தார். மாதம் ஒரு தரம் வருகிறவர், இந்த முறை ஒன்றரை மாதம். அங்கே விடுதி வார்டன், லீவு கிடைக்கவில்லையாம். கை, தொடை, வயிறு எங்கும் நீர்க்கொப்புளம். சில நெல்லிக்காய் அளவு. என்ன இது என்றால், கொப்புளம் என்கிறார். முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு வருடமாக இதே முகம். என்னைப் பார்த்தாலும் சுவரைப் பார்த்தாலும் ஒன்றுதான்.

வீட்டுக்காரம்மா பார்த்த மாத்திரத்தில் அக்கி என்று முடிவு கட்டிவிட்டார். காவி கரைத்து அக்கி எழுதுகிற குயவரை அவரே போய் அழைத்து வந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன்.

முதுகில் வாழையிலை. இலைக்கு அடியில் தேங்காயெண்ணெய் வாசனை. மேலே சேலைத் துணியால் கட்டு. நீலக்கரை. பழசு, ஆனால் நன்றாகத் துவைத்தது. கத்தரி படவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தது. முடிச்சு முதுகுப் பக்கம். தனக்குத்தானே போட்டுக்கொள்ளக்கூடிய முடிச்சு இல்லை.

யார் கட்டியது என்று கேட்டேன். கமலம் என்றார். விடுதியில் சமைக்கிறவள்.

அதற்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை. குயவர் காவிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “இது அக்கி இல்லீங்க, பெரிய டாக்டராண்ட காட்டுங்க” என்றாராம். வீட்டுக்காரம்மா சொல்லித்தான் தெரியும்.

ஆவணி 29, செவ்வாய்

ஆஸ்பத்திரி. கட்டில் கிடைத்தது.
வாழையிலை – 10 (விரிப்புக்கு, துணி என்றால் ஒட்டிக்கொண்டு தோல் உரியுமாம்)
பழைய வேட்டி – 2
பிளாஸ்க், ரொட்டி
அவர் கண்ணாடி – காணோம், மலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்

டாக்டர் இளவயது, ஆனால் நிதானம். கொப்புளத்தைப் பார்த்துவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடக்கச் சொன்னார். பெயரை ஐந்து தரம் எழுதச் சொன்னார். எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போயிற்று. பிறகு என்னிடம், நடுக்கம் எத்தனை நாளாக என்றார். நடுக்கமே கிடையாது என்றேன். அவருடைய வலது கை அப்போது தொடைமேல் ஆடிக்கொண்டிருந்தது.

பேச்சு எப்போது குறைந்தது? மறதி? எழுத்து எப்போது சிறுத்தது?

எழுத்து சிறுத்தது எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. நான் அதற்கு வேறு அர்த்தம் வைத்திருந்தேன். இன்லண்டு லெட்டர் முழுக்க எழுதியவர் கால் பக்கத்துக்கு வந்துவிட்டார், அதுவும் எறும்பு ஊர்ந்த மாதிரி. மனசு வேறு எங்கோ இருக்கிறவருக்கு எழுத்து இப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். மாசியில் வந்ததைப் பாதியிலேயே மடித்துப் பெட்டியில் போட்டேன். இப்படி எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம் என்று பதில் எழுதினேன். அதோடு கடிதம் நின்றது.

(எனக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி போடமாட்டேன். ஊசியில் நூல் கோக்க எட்டாம் வகுப்புப் பெண்கள் இருக்கிறார்கள்.)

டா. சொன்னது, மறக்காமல் இருக்க: உடம்பின் காவலே தோலை எதிரியாக எண்ணித் தாக்குகிறது, அதனால் கொப்புளம். யாருக்கும் ஒட்டாது. வயதானவர்களுக்குத்தான் பெரும்பாலும். நடுக்கம், பக்கவாதம், மறதி உள்ளவர்களிடம் இதை ஜாஸ்தி பார்க்கிறாராம். ஏன் என்று இன்னும் சரியாகத் தெரியாதாம். முகம் அசையாததும் நடுக்க நோய்தான், வெறுப்பு இல்லை. எது முதலில் வந்தது என்று கூட இருந்தவர்களைக் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

கூட இருந்தவர்கள்.

ஆவணி 31, வியாழன்

நல்ல வெயில். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். தியாகதுருகம் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். பஸ் இல்லை. பாதிக் கடை அடைப்பு. நான்கு தெரு அலைந்து மூன்று இலை.

பக்கத்துக் கட்டில்காரரின் மகன் மறியலுக்குப் போயிருக்கிறான். அவர் கண் வாசலிலேயே இருக்கிறது. வார்டு முழுக்க அந்தக் கவலை. நான் நினைத்தது இதுதான்: டா. விடுதிக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார், ஆனால் பஸ் இல்லை, கமலத்தால் வரமுடியாது. நல்லதாயிற்று.

மருந்து போட நர்ஸம்மா என்னை உதவிக்குக் கூப்பிட்டார். நான் இலையை எடுத்ததும் அவர் முதுகு விறைத்துக்கொண்டது. “கமலம் மெதுவா எடுக்கும்” என்றார். வந்ததிலிருந்து அவராகப் பேசியது அது ஒன்றுதான்.

வராந்தாவில் போய் நின்றேன். பொறாமைதான். வேறு பெயர் எதற்கு. நாற்பத்தொன்பது வயதில், கொப்புளம் பிடித்த மனிதரை வைத்துக்கொண்டு பொறாமை.

புரட்டாசி 1, வெள்ளி

வந்துவிட்டாள். மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலிருந்து நடந்தே. வழியில் கிடந்த மரங்களையெல்லாம் தாண்டித் தாண்டி. தலையில் ஈரத்துணி சுற்றிய இலைக்கட்டு, கையில் அவர் பை. பைக்குள் கண்ணாடி.

என்னைவிடப் பெரியவளாக இருந்திருந்தால் நிம்மதி. இல்லை. நாற்பது இருக்கும். கால் முழுக்கப் புழுதி. நீலக்கரையைத் தேடினேன். வேறு சேலை.

டா. வந்தார். என்னிடம் கேட்டதையே அவளிடம் கேட்டார்.

“ரெண்டு வருசமா கை ஆடுதுங்க. மொதல்ல கட்டவெரல் மட்டும். அப்புறம் பித்தான் போட வரல. மாசிலேர்ந்து சொறிஞ்சிக்கினே இருந்தாரு. கொப்புளம் ஆடிலதாங்க.”

டா. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இதுதான் வேண்டும், நடுக்கம் முந்தி, அரிப்பு அடுத்து, கொப்புளம் கடைசி என்றார். அவளைப் பாராட்டினார். தாளில் மனைவி என்ற இடத்தில் என் பெயர். விவரமெல்லாம் அவளுடையது. அவள் அவரைத் தொட்டது கூட எனக்குப் பரவாயில்லை போலிருந்தது. கட்டைவிரலை அவள் பார்த்திருக்கிறாள், அதைத்தான் தாங்கமுடியவில்லை.

குழாயடியில் மடக்கிக் கேட்டேன். இவ்வளவு தெரிந்தும் எனக்கு ஏன் ஒரு வரி எழுதவில்லை?

“எனக்கு எழுத இன்னா தெரியுங்க? பசங்கள வுட்டு எழுதலாம்னா சார் வேணாம்னுட்டாரு. ஒங்களுக்கு லெட்டர்னா ஞாயித்துக்கெழம பூரா ஆவும். ஒரு கையால இன்னொரு கைய புட்சிக்கினு எழுதுவாரு. சோறு ஆறிக்கெடக்கும். அப்புறம் ஒரு நாளு உங்க லெட்டரு வந்துச்சு. அத்தோட எழுதறத வுட்டுட்டாரு.”

குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள். என் கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்கவே இல்லை.

புரட்டாசி 3, ஞாயிறு

மேகமூட்டம். மறியல் இன்னும் நடக்கிறது. அவள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தங்கியிருக்கிறாள். புதிதாகக் கொப்புளம் இல்லை. கஞ்சி அரை டம்ளர்.

துணி மாற்ற வீட்டுக்கு வந்தேன். பெட்டியைத் திறந்தேன். மாசிக் கடிதம். அவருடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். மூக்கில் நிற்கவில்லை, கையால் பிடித்துக்கொண்டு படித்தேன்.

நான் நிறுத்திய இடத்துக்குக் கீழே நான்கு வரி. கடைசி வரி கோடு மாதிரி.

“முதுகில் ஒரே அரிப்பு. கை எட்டவில்லை. வரும்போது உன்னிடம் சொல்ல நினைக்கிறேன், அங்கே வந்தால் வாய் வருவதில்லை. நீயாகப் பார்த்துச் சொறிந்துவிட்டால் தேவலை.”

பங்குனியில் வந்தபோது கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார். எருமை மாதிரி என்று சொன்னேன். சொல்லிவிட்டு மிஷினில் உட்கார்ந்து ரவிக்கை தைத்தேன்.

திரும்பிப் போனேன். மருந்து நேரம். அவள் கை கழுவிக்கொண்டு தயாராக நின்றாள். நான் போடுகிறேன், எப்படி என்று சொல் என்றேன். ஓரத்திலிருந்து எடுக்கவேண்டும், எண்ணெய் தொட்டுத் தொட்டு எடுக்கவேண்டும் என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அவர் விறைத்தார். பிறகு விறைக்கவில்லை.

இலையை அவள் பிடித்துக்கொண்டாள். முடிச்சு நான் போட்டேன்.