பித்தளைக் கூடு

மத்திகிரி, ஓசூர்

அன்புள்ள டெல்சிக்கு,

கர்த்தர் கிருபையில் நீயும் பாப்பாவும் சுகமா? அப்பாவுக்கு இருமல் நின்றதா? போனை எடுக்காமல் கடிதம் எழுதுகிறேனே என்று கோபப்படாதே.

இங்கே கம்பெனியில், பட்டாளத்தில் சுட்டுப்போட்ட பித்தளைத் தோட்டாக்கூடுகளைச் சூடுகாட்டி, பிரஸ்ஸில் அழுத்தி, ரைபிள் கிளப்காரர்களின் துப்பாக்கிக்கேற்ற வடிவத்துக்கு மாற்றுகிறோம். எல்லாம் வெற்றுக்கூடு என்றுதான் மூட்டை வரும். நானும் சுட்ட தடம் இருக்கிறதா என்று அடியைத் திருப்பிப் பார்க்காமல் சூடுகாட்டிவிட்டேன். ஒன்றில் மருந்து மிச்சமிருந்து, பட்டாசு மாதிரி வெடித்தது. கையில் கீறல்கூட இல்லை. சூப்பர்வைசர் கரியப்பன், "ஒண்ணும் ஆவலப்பா, போயி டீ குடிச்சிட்டு வா" என்றார். அவர் வாயசைவதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

இதைக் கொண்டுவரும் யேசுராஜிடம் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடு. பாப்பா இப்போது என்னென்ன பேசுகிறாள் என்று ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பு. போனில் வேண்டாம்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

வெஸ்லின்