பலகை காயாத படகு

ரம்ஸி அப்பா,

தங்கையைப் பார்க்கக் காலைக் கப்பலில் ஸ்ஃபாக்ஸுக்குப் போகிறேன். கணவாய்க் குழம்பு வைத்திருக்கிறேன், சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

நம் பையன் படகைப் பார்க்கத் தச்சர் ஹெதி வருவார். "இத்தாலிக்குப் போனவன்கிட்டேருந்து பேச்சு மூச்சு இல்ல, படகு எதுக்குடி, விறகாக்கிடு" என்று நேற்று என்னிடம் கத்தியதை அவரிடமும் கத்தாதீர்கள்.

கரையில் கிடந்ததில் படகின் பலகை காய்ந்து பிளந்திருந்தால் செப்பனிடுவது வீண் என்றார். பிளந்திருக்காது. ரம்ஸி போனதிலிருந்து தினமும் சாயங்காலம் கடல்தண்ணீர் ஊற்றி, ஈரச்சாக்குப் போர்த்திவிட்டு வருகிறேன்.

இன்று நான் இல்லை. நீங்கள் ஊற்றுங்கள்.

வசீலா

இன்னொன்று. சில நாள் நான் போகும் முன்பே சாக்கு நனைந்திருக்கும். யாரென்று நான் கேட்டதில்லை.