பன்னிரண்டு அடி தள்ளி நின்ற கேமரா

உன் கண்ணாடி என் மேசைமேல் இருக்கிறது. பழுப்பு ஃபிரேம், நான்காக மடித்த மஞ்சள் துணி, கடையின் பெயர் பாதி அழிந்துபோன கூடு. கேபிள் சுருள்களையும் கழற்றிப் போட்ட எல்இடி பலகைகளையும் தள்ளிவிட்டு அதற்கு இடம் செய்திருக்கிறேன். நீ கண்ணாடி போட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. உன்னிடம் அப்படி ஒன்று இருந்ததே இன்று காலை உன் மனைவி சாந்தி கொண்டுவந்து வைத்தபோதுதான் எனக்குத் தெரியும். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. அவள் இதைக் கொடுத்துவிட்டுச் சொன்னதைக் கேட்டதிலிருந்து யாரையாவது பளாரென்று அறைய வேண்டும்போல் இருக்கிறது. அறை வாங்க வேண்டியவர்களின் வரிசையில் முதல் ஆள் நான்தான். என்னை நானே அறைந்துகொள்வது கேவலமாக இருக்கும் என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

நாம் பழகியதே மைதானத்தில்தான். நீ மார்டள்ளியிலிருந்து வந்து இங்கே இந்தக் கன்னட ஊரில் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவன். ஆறு நாள் ஆலை, ஏழாம் நாள் வெள்ளைச் சட்டையும் தொப்பியும். பரீட்சை எழுதித் தேறிய நடுவர் என்பதில் உனக்கு எவ்வளவு கர்வம்! அப்போது நான் ஸ்கோர்போர்டு எழுதுகிறவன். சாக்பீஸ் தூள் முழங்கை வரை அப்பியிருக்கும். நீ பவுண்டரிக்குக் கையை ஆட்டினால் நான் பதிலுக்குக் கையை உயர்த்த வேண்டும். நான் உயர்த்தும் வரை அடுத்த பந்தைப் போட விடமாட்டாய். அவுட்டுக்கு அந்த விதி கிடையாது. ஆனாலும் விரலைத் தூக்கிவிட்டு நீ என் பக்கம் ஒருமுறை பார்ப்பாய், நானும் கையைத் தூக்குவேன். பார்த்துவிட்டேன், எழுதிக்கொண்டேன் என்று அர்த்தம். பதினைந்து வருடம் இப்படியே போயிற்று.

பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் நிற்கப் போகும்போது உனக்கு ஒரு பழக்கம் உண்டு. கிரீஸ் கோட்டை ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாய், இரண்டு அடி இப்படி, அரை அடி அப்படி நகர்வாய், பிறகு ஷூ முனையால் தரையில் ஒரு கோடு கீறி அதன்மேல் நிற்பாய். "பெருமாள் கோயிலுக்குக் கோலம் போடறியா?" என்று நான் கிண்டல் செய்வேன். "கோட்டுக்கு நேரா நிக்கலேன்னா நம்ம கண்ணே நமக்குப் பொய் சொல்லும்டா" என்பாய். பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலிருந்து வேகத்தைப் பார்த்தால் முள் வேறு எண்ணில் நிற்கிற மாதிரி தெரியும் இல்லையா, அப்படித்தான் என்று ஒருமுறை டீக்கடையில் விளக்கினாய். எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க இன்றைக்கு வழியில்லை.

பிறகு நான் அக்ரஹாரத்தில் இந்தக் கடையைப் போட்டேன். எல்இடி திரை வாடகைக்கு விடப்படும். கல்யாணம், கட்சிக் கூட்டம், கிரிக்கெட் டோர்னமென்ட். "மாப்பிள்ளை மூஞ்சிய பெருசாக் காட்டறவன்லாம் ஆட்டத்துக்கு வந்துட்டான்" என்று நீ சிரித்தாய். சாக்பீஸ் எழுதிய கை பட்டனுக்கு மாறியது, அவ்வளவுதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

போன வருட ஃபைனலுக்கு இரண்டு கேமரா, இருபது அடித் திரை. மூன்றாம் நடுவர் கிடையாது. மைதானத்து நடுவர் சொன்னதுதான் முடிவு, ரீப்ளே வெறும் வேடிக்கைக்கு என்று கமிட்டியே அச்சடித்துக் கொடுத்திருந்தது. கிரீஸுக்கு நேராக எல்லைக்கோட்டுக்கு வெளியே சாரம் கட்டி ஒரு கேமராவை ஏற்றுவதாகத் திட்டம். காலையில் போய்ப் பார்த்தால் அதே இடத்தில் பெரிய மனிதர்களுக்கு ஷாமியானாவும் சோபாவும் போட்டிருக்கிறார்கள். கமிட்டித் தலைவரிடம் சொன்னேன். "ஸ்வல்ப ஆச்சே இடி" என்றார். கொஞ்சம் தள்ளி வை. அவருக்கு அது வீட்டில் சோபாவைத் தள்ளிப் போடுகிற மாதிரி. நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. சாரத்தைப் பவுலர் பக்கமாகப் பன்னிரண்டு அடி தள்ளிக் கட்டினேன். டேப் பிடித்து அளந்தவனே நான்தான்.

கடைசி ஓவர். மட்டை பிடிப்பது தலைவரின் ஏரியா அணி. அவர்களுடைய நட்சத்திரம் இரண்டாவது ரன்னுக்கு ஓடி வந்து மட்டையை நீட்டுகிறான், கீப்பர் பெயிலைத் தட்டுகிறார். நீ உன் கோட்டின்மேல் குனிந்து நின்றவன் நிமிர்ந்து விரலைத் தூக்கினாய். வழக்கம்போல என்னைப் பார்த்தாய்.

நான் கையைத் தூக்கவில்லை. ரீப்ளே பட்டனை அழுத்தினேன்.

திரையில் மட்டை கோட்டைத் தாண்டியிருந்தது. யார் பார்த்தாலும் நாட் அவுட். மைதானமே ஓவென்று கத்தியது. "இன்னொந்த் சல ஹாக்கப்பா!" என்று தலைவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று கூவினார். இன்னொரு தடவை போட்டேன். பிறகு மெதுவாக்கிப் போட்டேன். அந்தப் படம் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று தெரிந்த ஒரே ஆள் அதை மூன்று தடவை போட்டான். "கண்ணு காணல்வா?" என்று ஒரு பக்கம் ஆரம்பித்தது, சுருமுரிப் பொரி தின்றுகொண்டிருந்த கூட்டமெல்லாம் சேர்ந்துகொண்டது. கண் தெரியவில்லையா, கண் தெரியவில்லையா. இரண்டு தண்ணீர் பாட்டில் உன் காலடியில் வந்து விழுந்தன. நீ அந்த இருபது அடித் திரையில் உன்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாய். முடிவை மாற்றவில்லை. அந்த அணி நான்கு ரன்னில் தோற்றது.

சாயங்காலம் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வந்தாய். தொப்பி கையில் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

"கேமராவ எங்கடா வெச்சிருந்த?"

பக்கத்தில் தலைவர் நின்றிருந்தார். பன்னிரண்டு அடி தள்ளி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், அடுத்த வருடம் என்னைக் கூப்பிட மாட்டார். என் தொழிலுக்கும் கெட்ட பெயர். இதெல்லாம் ஒரு கண் சிமிட்டும் நேரத்தில் மனதில் ஓடியது.

"நேராத்தான்" என்றேன்.

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு நீ ஸ்கூட்டரைப் பார்த்து நடந்தாய்.

மறுநாள் காலை கடையில் அசல் பதிவைப் போட்டுப் பார்த்தேன். பெரிய திரையில் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததெல்லாம் கம்ப்யூட்டரில் துல்லியமாகத் தெரிந்தது. பெயில் எழும்பிய நொடியில் மட்டையின் நுனி தரையில் இல்லை. மட்டை ஒரு பக்கம், அதன் நிழல் ஒரு பக்கம், நடுவே ஒரு சாண் வெளிச்சம். மட்டை காற்றில் இருந்தது; கோட்டுக்கு உள்ளே தரையைத் தொடாத மட்டை கணக்கில் வராது. தள்ளி நின்று சாய்வாகப் பார்த்ததால் கோட்டைத் தாண்டிவிட்டதுபோல் தெரிந்திருக்கிறது. படத்தின் ஓரத்தில் உன் ஷூ இரண்டும், நீ கீறிய கோடும்கூட இருந்தன. மயிரிழைகூடப் பிசகாமல் கோட்டுக்கு நேராக நின்றிருந்தாய்.

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ போகும் வரை ஏழு மாதமும் அந்த நாளை வரவில்லை.

யாரோ திரையைப் போனில் எடுத்துச் சிரிப்புச் சத்தம் சேர்த்து அனுப்பினார்கள். அது உன் ஆலை கேன்டீன் வரைக்கும் போனது எனக்குத் தெரியும். அடுத்த மாதமே நடுவர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிவிட்டாய் என்பதும் தெரியும். உன் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் என் இலைக்குப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தாய். வியாபாரம் எப்படி என்று விசாரித்தாய், பாயசத்தை இன்னொரு கரண்டி போடச் சொன்னாய், அந்த மேட்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உன்மேலும் எனக்குக் கோபம்தான். சட்டையைப் பிடித்து "வீடியோவக் காட்டுடா" என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். எதற்குடா அவ்வளவு லேசில் நம்பினாய்? பிறகு ஒருநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஆலை வாசலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வந்தது. உன்னைப் பார்க்க வந்த கூட்டத்தில் நானும் மாலையோடு நின்றேன். அந்த மாலையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பத்து நாளுக்கு முன் தலைவர் போன் செய்தார். இந்த வருட டோர்னமென்டுக்கும் நான்தான். தண்ணீர் இடைவேளையில் போடுவதற்குக் காமெடி வீடியோக்கள் வேண்டுமாம், அந்த அம்பயர் வீடியோவைக் கட்டாயம் கொண்டுவர வேண்டுமாம். அவர் இறந்துவிட்டார் என்றேன். "அய்யோ பாப" என்றார். ஒரு மூச்சு விட்டார். "ஆத்ரெ வீடியோ இதெயல்வா?" என்றார். ஐயோ பாவம், ஆனால் வீடியோ இருக்கிறதல்லவா. எனக்குக் காதெல்லாம் சுட்டது. இருக்கிறது சார், கொண்டுவருகிறேன் என்றேன்.

கொண்டுபோனேன், அசலை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் இடைவேளையில் பழைய படம் என்று தெரிந்ததுமே கூட்டம் சிரிக்கத் தயாரானது. சிலர் "கண்ணு காணல்வா" என்று தொடங்கியும் விட்டார்கள். மட்டையும் நிழலும் பிரிந்திருக்கும் இடத்தில் படத்தை நிறுத்திச் சிவப்பு வட்டம் போட்டேன். கீழே கன்னடத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்: "மட்டை காற்றில் இருக்கிறது. இது அவுட். நடுவர் சொன்னது சரி. கேமரா பன்னிரண்டு அடி தள்ளி இருந்தது. அப்படி வைத்தவன் நான்."

சினிமாவில் வருவதுபோல் மைதானம் எழுந்து நின்று கைதட்டியது என்று உனக்கு எழுத ஆசைதான். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேரில் சிலர் அமைதியானார்கள், சிலர் விசில் அடித்தார்கள், அவர்களுக்கு எல்லாமே விசில்தான். தலைவர் பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். திரை இருண்டது. நான் ஸ்கொயர் லெக் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினேன். அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த புது நடுவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

செய்துவிட்டோம் என்று ஒரு திமிரோடுதான் இன்று காலை கடையைத் திறந்தேன். பத்து மணிக்கு சாந்தி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரங்க போன்ல காட்டினாங்கண்ணா. நீங்க கிரவுண்டுல போட்டத" என்றாள். "அவரு சொன்னதுதான் சரின்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மறுநாளே" என்றேன்.

அவள் பையிலிருந்து இந்தக் கூட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அந்த மேட்சுக்கு அப்புறம் கண் டாக்டர்கிட்ட ரெண்டு தடவ போனாருண்ணா. கண்ணு நல்லாருக்குது, கண்ணாடியே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இவரு கேக்கல. அடம்புடிச்சு பவரே இல்லாம சும்மனே ஒண்ணு செஞ்சு வாங்கிட்டு வந்தாரு. வாசல்ல உக்காந்து இதப் போட்டுக்கிட்டு தூரத்துல இருக்கிற போர்டெல்லாம் படிச்சுப் பாப்பாரு. கழட்டிட்டு மறுபடியும் படிப்பாரு. எதுக்கு இந்தக் கூத்துன்னு கேட்டேன்." கூட்டை என் பக்கம் தள்ளினாள். "'டாக்டருக்கு என்ன தெரியும் சாந்தி? கேமரா நேராத்தான் இருந்துச்சாம். அவனே சொன்னான். அவன் எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டான். அப்போ கெட்டுப்போனது என் கண்ணுதானே'ன்னாரு."

நான் கூட்டைத் திறந்தேன்.

"ஊருக்கே காட்டினீங்க. அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதுமேண்ணா" என்றாள். "இது எங்க வீட்ல வேண்டாம். நீங்களே வெச்சுக்குங்க."

படியிறங்கிப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தலைவர்மேல் எனக்கு இருந்த கோபம், கூட்டத்தின்மேல் இருந்த கோபம், எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. ஒன்றும் குறையவில்லை. ஆனால் அவர்கள் எல்லாம் உனக்கு யாரோ. அவர்கள் கத்தியதை நீ நம்பவில்லை, அந்த இருபது அடித் திரையைக்கூட நீ நம்பவில்லை. அதனால்தான் நேராக என்னிடம் வந்து கேட்டாய். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்காக உன் இரண்டு கண்ணையும் சந்தேகப்பட்டிருக்கிறாய்.

அவள் போனபின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். எதிரே வளையல் கடைப் பலகையில் அடியில் சின்னதாக எழுதியிருக்கும் போன் எண் தெரிந்தது. கழற்றினேன். அதே எண், அதே மாதிரி தெரிந்தது. மறுபடி போட்டேன், மறுபடி கழற்றினேன். நீயும் உன் வாசலில் இதைத்தானே செய்திருப்பாய், எங்கே கெட்டுப்போனது என்று தேடிக்கொண்டு.

கேமராப் பையில் லென்ஸ் வைக்கிற அறையைக் காலி செய்து இந்தக் கூட்டை வைக்கப் போகிறேன். இனி நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கே போனாலும் இது என்னோடு வரும். உன் கண்ணுக்கு ஒருநாளும் தேவைப்படாத கண்ணாடி. என்னை நம்பி நீ செய்து வாங்கியது.