மூன்று வசனம், ஒரு பொய்

2025 பெப்ரவரி 1, சனி

அம்மா என் பெயரைக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. சனியும் ஞாயிறும் எங்கள் சுருவில் ஊர்ச் சனசமூக நிலையத்தில் இலவச இங்கிலீசு வகுப்பாம். பள்ளிக்கூடம் விட்டவர்களும் வரலாமாம். நாளைக்கே போக வேண்டுமாம்.

பதுளையில் கடையில் வேலைக்கு நின்ற அப்பா செத்த வருடம் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். அப்போது, "படிப்பு இருக்கட்டும், தங்கச்சியைப் பார்" என்று சொன்னதும் இதே அம்மாதான். இப்போது பதினேழு வயதில் எனக்கு இங்கிலீசு எதற்கு?

"சும்மா வீட்டிலை இருந்து என்னத்தைக் கண்டனி? போயிட்டு வா" என்கிறார்.

சும்மாவா இருக்கிறேன்? அம்மா நண்டு உடைக்கிற கொம்பனிக்குப் போனால் சமைப்பது யார்? தங்கச்சி கஜனியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது யார்?

இதில் ஏதோ இருக்கிறது.

பெப்ரவரி 2, ஞாயிறு

போனேன். கொண்டுபோன கொப்பியைத் திறக்கவே இல்லை. கதிரைகளைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு வட்டமாக நிற்கச் சொன்னார் ரீச்சர். பெயர் மேரிசுகந்தி. ஊர்காவற்றுறையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறார். பந்தை எறிவார். பிடிப்பவர் தன் பெயரையும் தனக்குப் பிடித்த சாப்பாட்டையும் இங்கிலீசில் சொல்ல வேண்டும். எனக்கு வந்த பந்து என்னைத் தாண்டி மேசைக்கு அடியில் உருண்டது. கையை நீட்டினால்தானே.

"உவ பந்துக்கும் வெக்கப்படுறா ரீச்சர்" என்றாள் பக்கத்து ஒழுங்கை நிலுஷா. எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிச்சது காணும். நீர் ஆறுதலா எடுத்துக்கொண்டு வாரும், நிலாந்தி" என்றார் ரீச்சர்.

என் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் சொல்லவில்லையே.

பெப்ரவரி 3, திங்கள்

பெயர்ப் பட்டியலில் பார்த்திருப்பார். இருக்கலாம்.

ஆனால் அம்மா? நண்டு ஓடு கீறிய விரலுக்கு மருந்து பூசிக்கொண்டே முழுதும் கேட்டார். "பிறகு? அவ என்ன கேட்டவ? அதுக்கு நீ என்ன சொன்னனி? அதைத் திருப்பிச் சொல்லு பாப்பம்." பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு நாளாவது இப்படிக் கேட்டாரா? நான் படிக்கிறேனா என்று யாருக்கோ கணக்குக் கொடுக்கிறவர் போல இருந்தது.

பெப்ரவரி 8, சனி

இன்றைய விளையாட்டு: எழுந்து நடந்து ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்க வேண்டும். வீட்டில் எத்தனை பேர், அம்மா எத்தனை மணிக்கு வருவார், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள். வீட்டுக் கணக்கெடுக்க விதானையார் வந்து விசாரிப்பது போல! ரீச்சர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றுக்கும் "நோ" என்றேன். 'உன் பெயர் என்ன' என்பதற்கும் "நோ" சொல்லிவிட்டேன். நிலுஷா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிக்கட்டும். இவர்களுக்கு எங்கள் வீட்டு விபரம் எதற்கு?

பெப்ரவரி 12, புதன்

வெள்ளைச் சேர்ட் போட்ட ஒருவர் வந்தார். இறுப்பிட்டிப் பக்கம். பெயர் கிருபானந்தன். அவரைக் கண்டதும் அம்மா என்னைச் சீனி வாங்க அனுப்பினார். சீனி வீட்டில் இருந்தது. நான் வேலிக்கு அந்தப் பக்கமாக நின்றேன்.

"படம் அனுப்பியாச்சுத் தங்கச்சி. அவைக்குப் பிடிச்சிருக்கு. இங்கிலீசுதான் கொஞ்சம் வேணும் எண்டினம்."

"அது பிடிச்சிடலாம் அண்ணை. வகுப்பு நடக்குதுதானே."

"ஏப்பிரலுக்குள்ளை முடிச்சாத்தான் நல்லம்."

ஏப்ரலில் எனக்குப் பதினெட்டு முடிகிறது. கலியாணப் புரோக்கர்! எந்தப் படம்? கோயில் திருவிழாவில் எடுத்ததா? யாருக்கு அனுப்பினார்கள்? எந்த நாட்டில் இருக்கிறவன், என்ன வயது?

என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லையே அம்மா. ஒரு வார்த்தை.

பெப்ரவரி 15, சனி

இன்று விமான நிலைய விளையாட்டு. மேசைக்குப் பின்னால் நிலுஷா அதிகாரி. மற்றவர்கள் வரிசையாகப் போய் ஏன் வந்தேன், எங்கே தங்குவேன் என்று சொல்ல வேண்டும். என் முறை வந்ததும் நிலுஷா புருவத்தை உயர்த்தி, "வெயர் இஸ் யுவர் ஹஸ்பண்ட்?" என்றாள். பகிடிக்குத்தான். எல்லாருக்கும் பகிடி.

வயிற்றுக்குத்து என்று சொல்லிப் போய் மூலையில் இருந்துவிட்டேன். ரீச்சர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். குடிக்கவில்லை. அவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் விமான நிலையம்? சுருவிலில் இருக்கிறவர்களுக்குச் சந்தை விளையாட்டுப் போதாதா?

பெப்ரவரி 16, ஞாயிறு

அம்மா இப்போது என் கொப்பியையே எடுத்துப் படிக்கிறார். இங்கிலீசு வசனங்களை நான் தமிழ் எழுத்தில் எழுதி வைப்பதால் அவரால் வாசிக்க முடிகிறது. "ஐ நீட் எ ரெஸ்ற்" என்று வாசித்துவிட்டு, "இதென்ன, சோதினை வேணும் எண்டோ?" என்றார்.

ஓய்வு வேண்டும் என்றுதான் எழுதினேன். ஆனால் சோதனைக்குச் சொல்வதையும் நாங்கள் அதே எழுத்தில்தானே எழுதுகிறோம்! டீச்சரை ரீச்சர் என்று எழுதுகிற ஊரில் இதை எப்படிப் பிரிப்பது?

"ரெண்டையும் பிரிச்சுச் சொல்லித் தா. மாறிச் சொன்னா வில்லங்கம்" என்றார் அம்மா.

எங்கே மாறிச் சொன்னால்? யாரிடம்? கேட்க வாய் வரவில்லை. ஓய்வுக்கு ஒரு பாயும் சோதனைக்கு ஒரு பேனையும் பக்கத்தில் கீறிக் கொடுத்தேன். பாயைப் பார்த்து ரெஸ்ற், பேனையைப் பார்த்து டெஸ்ற் என்று அம்மா பாடமாக்கினார். கலியாணம் எனக்கு, பாடம் அம்மாவுக்கா? ஒன்றும் பொருந்தவில்லை.

பெப்ரவரி 22, சனி

ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மூன்று வசனம் சொல்ல வேண்டும். இரண்டு உண்மை, ஒன்று பொய். பொய்யை மற்றவர்கள் பிடிக்க வேண்டும். நான் மூன்றும் பொய்யாகச் சொன்னேன். எனக்கு நாய் இருக்கிறது, நான் டெல்ப்டில், அதுதான் நெடுந்தீவில், பிறந்தேன், எனக்குப் பாட்டுப் பாட வரும். ஒருவரும் பிடிக்கவில்லை. டெல்ப்ட்தான் பொய் என்று எல்லாரும் கத்தினார்கள்.

அந்த வகுப்பில் முதல்முறையாக எனக்குச் சிரிப்பு வந்தது. ரீச்சர் மட்டும் என்னையே பார்த்தார். "நீர் ஆபத்தான ஆள்" என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

பின்னேரம் கஜனி விளையாடப் போய்விட்டாள். அந்த மூன்று வசன விளையாட்டை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தானும் சொல்வதாகச் சொன்னார். நெடுநேரம் யோசித்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு விரல் மடக்கிச் சொன்னார்:

"ஐ லைக் பிறோன். ஐ ஆம் நொட் அஃப்ரெய்ட். ஐ கோ சைப்பிரஸ்."

"மூண்டாவதுதான் பொய்" என்று உடனே சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அம்மா தலையாட்டினார். இல்லை என்று.

எங்கள் வீட்டில் இறால் என்றால் அம்மாவுக்குத்தான் உயிர். மிஞ்சியது 'எனக்குப் பயமில்லை' என்பதுதான். பிறகுதான் எனக்கு மூன்றாவது வசனம் காதில் ஏறியது.

அம்மா எல்லாம் சொன்னார். அந்தப் படம் அம்மாவுடைய படம். கிருபானந்தன் புரோக்கர் இல்லை, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர். சைப்பிரஸில் ஒரு வயதான மனுசியைப் பார்க்கிற வேலை. இரண்டு வருடம்.

"கொம்பனியிலை நண்டு வரத்துக் குறைஞ்சுபோச்சு, பிள்ளை. கிழமைக்கு மூண்டு நாள்தான் கூப்பிடுறாங்கள்."

"அப்ப ஏன் என்னை வகுப்புக்கு விட்டனீங்கள்?"

"நான் போனா ஊர் முழுக்கக் கதைக்கும். புருசன் செத்தவளுக்கு இப்ப என்ன இங்கிலீசு எண்டு. நீ போனா ஆரும் ஒண்டும் நினைக்கமாட்டினம்."

என்னை அனுப்பப் போகிறார்கள் என்று இரண்டு கிழமைக்கு மேலாகச் செத்துக்கொண்டிருந்தேன். இது அதைவிட மோசம். என்ரை அம்மா போகப் போறா. அதுவும் நான் சொல்லிக் குடுத்த இங்கிலீசிலை.

மார்ச் 4, செவ்வாய்

கொப்பியைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டேன். அம்மாவும் கொப்பியைக் கேட்கவில்லை.

மார்ச் 5, புதன்

நான் பிழையாகச் சொல்லிக் கொடுத்தால்? யெஸ் என்றால் இல்லை என்று? அவர்கள் அம்மாவை வேண்டாம் என்று விடுவார்கள். யாருக்கும் தெரியவராது.

மார்ச் 6, வியாழன்

குசினிக்குள் அம்மா தேங்காய் துருவிக்கொண்டே தனியே சொல்லிப் பார்க்கிறார்: "ஐ ஆம் குக் வெரி குட். ஐ ஆம் குக் வெரி குட்." சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து எவ்வளவு நேரம் கேட்பது?

"ஐ குக் வெல்" என்று கத்தினேன்.

துருவும் சத்தம் நின்றது. "ஐ குக் வெல்" என்றார். பிறகு துருவினார்.

மார்ச் 8, சனி

வகுப்பு முடிந்ததும் நின்று ரீச்சரிடம் கேட்டேன், விமான நிலையத்தை ஏன் வைத்தீர்கள் என்று. இங்கே யாராவது ஒருவர் எப்படியும் போகத்தானே போகிறார் என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாதாம். முகத்தைப் பார்த்தேன். உண்மை போலத்தான் இருந்தது.

வீட்டில் அந்த விளையாட்டை நான் அம்மாவோடு ஆடினேன். நான் அதிகாரி. எதற்கும் அம்மா "யெஸ் மேடம்" என்றார். எனக்குக் கோபம் வந்து தமிழுக்கு மாறிவிட்டேன். எங்கே படுப்பீர்கள்? பாஸ்போட் யார் கையில் இருக்கும்? எந்த நாள் லீவு? எல்லாவற்றுக்கும் "அங்கை போனாத்தான் தெரியும்" என்றார் அம்மா.

"கிருபானந்தன் அண்ணையிட்டைக் கேக்கேல்லையோ?"

"கேட்டா கோவிப்பார். உனக்கு எல்லாத்திலையும் சந்தேகம்."

"ஓம். சந்தேகம்தான்."

மார்ச் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

கிருபானந்தன் வந்தார். அந்த வீட்டு மேடம் இன்று அம்மாவோடு கதைக்க வேண்டுமாம். வயதான மனுசியின் மகள். கிருபானந்தன் தன் போனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். நான் குசினி வாசலில் நின்றேன்.

சமைப்பாயா என்று அந்தக் குரல் கேட்டது. "யெஸ் மேடம். ஐ குக் வெல்" என்றார் அம்மா. கிருபானந்தன் திருப்தியாகத் தலையாட்டினார். இன்னும் இரண்டு கேள்வி. அம்மா தடுமாறவில்லை. அவ்வளவுதான், முடிந்தது, இனி அம்மா இல்லை என்று எனக்குத் தோன்றியது.

எப்படி மேசைக்குக் கிட்ட வந்தேன் என்று தெரியாது. "எக்ஸ்கியூஸ் மி மேடம். வெயர் மை மதர் ஸ்லீப்?" நடுவில் ஒரு சொல் விடுபட்டது எனக்கே தெரிந்தது.

கிருபானந்தன் என்னை முறைத்தார். பிறகு, எனக்காகவாக்கும், மெதுவாகப் போனில் பதில் வந்தது: "இன் த கிச்சின். தெயர் இஸ் எ ஸ்மோல் பெட்."

"தனி அறை இருக்காம் தங்கச்சி. கட்டிலும் இருக்காம்" என்றார் கிருபானந்தன்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அவரைப் பார்த்தார்.

"அண்ணை, கிச்சின் எண்டா குசினி" என்றார் அம்மா.

"அது… அங்கத்தைக் குசினி உங்கடை வீட்டைவிடப் பெரிசு."

"அப்ப அதைச் சொல்லுறது. ஏன் அறை எண்டு சொன்னனீங்கள்? நான் கேக்காத நேரத்திலை இன்னும் என்னென்ன மாத்திச் சொன்னனீங்கள்?"

அவர் போனை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் அம்மா குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, "நோ மேடம். தாங்யூ" என்றார்.

"இவ்வளவு கேள்வி கேக்கிற ஆக்களுக்கு ஆர் வேலை குடுப்பினம்?" என்று சொல்லிக்கொண்டே அவர் படலையைத் திறந்து போனார். சாத்தவும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

அம்மா காலையில் கொம்பனிக்குப் போனார். இன்று வேலை இல்லை என்று பத்து மணிக்கே திரும்பி வந்துவிட்டார். "வந்த ஒரு வழியும் போச்சு" என்று மட்டும் சொன்னார். என்னைக் குற்றம் சொல்கிறாரா? குரலில் தெரியவில்லை.

நான் அந்தக் கேள்வியைக் கேட்டது அம்மாவுக்காகவா? அந்த மேடம் நல்ல அறை என்று சொல்லியிருந்தால் இன்னொன்று கேட்டிருப்பேன். அதற்கும் நல்ல பதில் வந்திருந்தால் இன்னொன்று. எனக்கு என்னைத் தெரியும்.

மார்ச் 15, சனி

நான் வெளிக்கிட்டுப் படலைக்கு வந்தபோது அம்மாவும் சேலை மாற்றிக்கொண்டு பின்னால் வந்தார். ஒழுங்கையில் நின்ற சனம் முழுக்கப் பார்த்தது.

"சீதேவி மாமி, நீங்களுமோ?" என்றாள் நிலுஷா.

"ஏன், அங்கை கதிரை காணாதோ?"

"கதிரையிலை ஆர் இருக்க விடுகினம் மாமி? எல்லாம் நிண்டுதான்."

வகுப்பின் முடிவில் அம்மா கை உயர்த்தினார். சம்பளம், லீவு, தனி அறை, இதுகளை இங்கிலீசில் எப்படிக் கேட்பது என்று ரீச்சரிடம் கேட்டார். எல்லாருக்கும் கேட்கத்தான் கேட்டார். அப்படியென்றால் இன்னும் போகத்தான் நினைக்கிறார். வேறு ஆளைப் பிடித்து. ஆனாலும் மூன்றையும் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அம்மா தெருவிலேயே கேட்கத் தொடங்கினார். நான் மேடம். எந்த நாள் லீவு என்றார், லீவே இல்லை என்றேன். தனி அறை உண்டா என்றார், கோழிக்கூடு இருக்கிறது என்றேன். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மாவும் விடவில்லை. படலை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.